கிட்ட போனா பூச்சி பறந்துடுது, எந்த லென்ஸ் வாங்கலாம்?

நீங்க கேட்டதை நான் புரிஞ்சுக்கிட்ட வரைக்கும் விஷயம் இதுதான்: தோட்டத்துக்கு பட்டாம்பூச்சி, அந்துப்பூச்சி, வண்டு, தட்டான் எல்லாம் நிறைய வருது, போன்லயும் எடுத்துப் பாத்துட்டீங்க, கேமராவோட கூடவே வந்த லென்ஸ்லயும் எடுத்துப் பாத்துட்டீங்க, கிட்ட போனா பறந்துடுது, பறக்காம உக்காந்திருந்தா படம் கலங்கலா வருது, மேக்ரோ லென்ஸ் (ரொம்பக் கிட்ட போய் சின்னதைப் பெருசா எடுக்கறதுக்குன்னே இருக்கிற லென்ஸ்) வாங்கினா சரியாகிடுமான்னு கேக்கறீங்க. லென்ஸுக்கும் பதில் சொல்றேன், ஆனா கடைசியில. ஏன்னா நல்ல லென்ஸை கையில வெச்சுக்கிட்டே நான் ரெண்டு மூணு வருஷம் பூச்சி பின்னாடி ஓடியிருக்கேன், ஓடறதை நிறுத்தின அப்புறம்தான் படம் படமா வர ஆரம்பிச்சுது. பூச்சி அடுத்து எங்க வரும், என்ன பண்ணும்னு தெரிஞ்சுக்கிட்டு அதுக்கு முன்னாடியே நாம அங்க போய் உக்காந்திருக்கணும், முக்கால்வாசி வேலை இதுதான்.

முதல்ல ஏன் பறந்துடுதுன்னு பாப்போம். பூச்சியோட கண்ணு ஆயிரக்கணக்கான குட்டிக் குட்டிக் கண்ணறைகள் சேர்ந்தது, நமக்குத் தெரியற அளவுக்கு உருவம் அதுக்கு நுணுக்கமா தெரியாது, ஆனா அசைவு நல்லா தெரியும், அதுவும் தலையைத் திருப்பாமலே கிட்டத்தட்ட எல்லாப் பக்கமும். நீங்க நின்னுட்டு மேல இருந்து குனிஞ்சா வானத்தை மறைச்சுக்கிட்டு ஏதோ ஒண்ணு சட்டுனு பெருசாகுது, அதைப் பொறுத்தவரைக்கும் அது கொத்த வர்ற பறவை. அதனால தூரத்துலயே உக்காந்துடுங்க, கேமராவை முகத்துக்கு நேரா தூக்கி வெச்சுக்கோங்க, அப்புறம் குந்தினபடியே மெதுவா நேரா முன்னாடி போங்க, பக்கவாட்டுல ஆடாம. கிட்ட போய் சேர்ந்த அப்புறம் கேமராவைத் தூக்கினா அந்த ஒரு அசைவுக்கே ஓடிடும். உங்க நிழல் அது மேல விழவே கூடாது. இன்னொண்ணு, பூவுல வந்து உக்காந்த உடனே நெருங்காதீங்க, அந்த முதல் சில செகண்ட் அது ரொம்ப உஷாரா இருக்கும், சுருண்டிருக்கிற உறிஞ்சுகுழலை நீட்டி பூவுக்குள்ள விட்டு குடிக்க ஆரம்பிச்ச அப்புறம் போனீங்கன்னா ஒரு அடி தூரம் வரைக்கும் விடும். பறந்துட்டாலும் எழுந்திருக்காதீங்க, நிறைய பட்டாம்பூச்சி ஒரு சுத்து சுத்திட்டு அதே இடத்துக்கோ பக்கத்துப் பூவுக்கோ திரும்பி வரும், நீங்க அசையாம இருந்தா இந்தத் தடவை உங்களை செடியோட செடியா எடுத்துக்கும்.

நேரம் ரொம்ப முக்கியம், நீங்க எழுதினதைப் பாத்தா பத்து பதினோரு மணிக்கு மேல எடுக்கற மாதிரி தெரியுது, அது பூச்சி முழு வேகத்துல இருக்கிற நேரம். பட்டாம்பூச்சியோட நெஞ்சுல இருக்கிற பறக்கும் தசை சுமார் 30 டிகிரி சூடானாத்தான் ஒழுங்கா வேலை செய்யும், ராத்திரி குளிர்ல இறங்கின சூட்டை அது காலை வெயில்ல காஞ்சுதான் ஏத்திக்கணும். சூரியன் வந்து முதல் ஒரு மணி நேரம் இலை மேல இறக்கையை விரிச்சு வெச்சு உக்காந்திருக்கும், சில மஞ்சள் பட்டாம்பூச்சி மட்டும் இறக்கையை மூடிக்கிட்டே ஒரு பக்கமா சாஞ்சு வெயில் படற மாதிரி நிக்கும். அந்த நேரத்துல பனித்துளியோட ஒரு தட்டானை இருபது படம் அடுத்தடுத்து எடுக்கலாம், நகராது. விடியறதுக்கு முன்னாடியே டார்ச்சோட போய் எது எங்க தூங்குதுன்னு பாத்து வெச்சுட்டா இன்னும் சுலபம். சாயங்காலமும் விட்டுடாதீங்க. நீலப்பட்டைத் தேனீன்னு ஒண்ணு இருக்கு, வயித்துல நீலக் கோடு கோடா, பகல்ல ஒரு செகண்ட் நிக்காது, அதோட ஆண்கள் இருட்டற நேரத்துக்கு ஒரு காஞ்ச குச்சியை தாடையால கவ்விப் பிடிச்சுக்கிட்டு உடம்பை நீட்டி வரிசையா தூங்கும், பெரும்பாலும் மறுநாளும் அதே குச்சிக்கே வரும். அந்தக் குச்சியைக் கண்டுபிடிச்சுட்டீங்கன்னா ஒரு வாரத்துக்கு உங்களுக்கு வேற வேலை வேண்டாம்.

இப்ப செடிக்கு வர்றேன், இதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி, கொஞ்சம் நீளமா போகும். எல்லாரும் பூச்செடி வெச்சா பட்டாம்பூச்சி வரும்னு நினைக்கிறாங்க, வரும், குடிச்சுட்டுப் போயிடும். அது தங்கணும்னா புழு தின்கிற செடி வேணும், ஒவ்வொரு இனத்துக்கும் அது குறிப்பிட்ட சில செடிதான், வேற செடியில பெண் முட்டையே போடாது. எலுமிச்சை அழகி எலுமிச்சை, நாரத்தை வகைகள்ல போடும், கறிவேப்பிலை அழகி பேருக்கு ஏத்த மாதிரி கறிவேப்பிலையிலயும் போடும், வெந்தய வரியன்னு சொல்ற ப்ளெயின் டைகர் எருக்குல, காமன் க்ரோ அரளியில. ஒரு பெண் பட்டாம்பூச்சி பூ எதையும் சீண்டாம ஒரே செடியைச் சுத்தி சுத்தி வந்து இலை இலையா முன்னங்காலால தொட்டுத் தொட்டுப் பாத்துட்டிருந்தா அது முட்டை போட இடம் தேடுதுன்னு அர்த்தம், கால்லயே ருசி பாக்கும், அந்த நேரத்துல அதுக்கு உங்க மேல கவனம் ரொம்பக் கம்மி. போட்டுட்டுப் போன அப்புறம் அந்த இளந்தளிரைப் பாருங்க, எலுமிச்சை அழகியோடதா இருந்தா வெளிர் மஞ்சள்ல குண்டூசித் தலை அளவுக்கு ஒரே ஒரு முட்டை இருக்கும்.

அங்க இருந்து ஒரு மாசத்துக்கு உங்க தோட்டத்துல ஒரு கதை ஓடும். முதல்ல வர்ற புழு கருப்பும் வெள்ளையுமா பறவை எச்சம் மாதிரியே இருக்கும், பறவை கண்டுக்காம போயிடணும்னுதான் அந்த வேஷம், கடைசித் தோலை உரிச்ச அப்புறம் பச்சையாகி இலையோட இலையா மறைஞ்சிடும். அதை தொந்தரவு பண்ணினா தலைக்குப் பின்னாடி இருந்து கவட்டை மாதிரி ஒரு உறுப்பை வெளிய தள்ளும், ஒரு நெடி வரும், படத்துக்காக வேணும்னே சீண்டாதீங்க, எறும்போ வேற பூச்சியோ வரும்போது தானாவே நீட்டும், அப்ப எடுங்க. எருக்குல இருக்கிற ப்ளெயின் டைகர் புழு வேற வழியில தப்பிக்குது, எருக்கம்பால்ல இருக்கிற விஷத்தை உடம்புல சேத்து வெச்சுக்குது, பறவை அதைத் தின்னா குமட்டும், அதனாலதான் அது ஒளியறதும் இல்ல, பட்டாம்பூச்சி ஆன அப்புறம் அவசரமா பறக்கறதும் இல்ல. புதுசா ஆரம்பிக்கிறவங்க அதை வெச்சுப் பழகறது நல்லது. எருக்கம்பால் மட்டும் கண்ணுல படாம பாத்துக்கோங்க.

ஆனா நான் முக்கியமா சொல்ல வந்தது கூட்டுப்புழுவை. வெளிய வர்றதுக்கு முன்னாடி நாள் கூட்டோட நிறம் மாறி கருத்துப் போகும், உள்ள இருக்கிற இறக்கையோட நிறம் தோல் வழியா தெரியும். அப்படித் தெரிஞ்சா மறுநாள் விடியறப்பவே அங்க போயிடுங்க, பெரும்பாலும் காலையிலதான் உடைச்சுட்டு வரும், உடையறது ஒரு நிமிஷத்துல முடிஞ்சிடும், கசங்கின துணி மாதிரி இருக்கிற இறக்கைக்குள்ள உடம்புத் திரவத்தை அழுத்தி அழுத்தி விரிக்கும், அப்புறம் காயறதுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும். அவ்வளவு நேரமும் ஒரு செதில் கூட உதிராத புத்தம் புது இறக்கையோட, பறக்க முடியாம, உங்க முன்னாடி தொங்கிட்டிருக்கும். நீங்க ஓடி ஓடித் தேடின படம் அதுதான். ஒண்ணு கேட்டுக்கறேன், அப்ப அதைத் தொடாதீங்க, வெளிச்சத்துக்காக கிளையை வளைக்காதீங்க, கீழ விழுந்து இறக்கை விரியாம காஞ்சுட்டா அது பொழைக்காது, நான் அப்படி ஒண்ணை இழந்திருக்கேன், இன்னும் மனசுல இருக்கு. சில கூட்டுல இருந்து பட்டாம்பூச்சிக்கு பதிலா குட்டிக் குளவிகள் கூட்டமா வரும், அதுங்களோட தாய்க் குளவி முன்னாடியே புழுவுக்குள்ளயோ கூட்டுக்குள்ளயோ முட்டை போட்டிருக்கும். மனசு கஷ்டமாத்தான் இருக்கும், ஆனா அதையும் எடுத்து வைங்க, தோட்டத்துல புழு எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தறதுல இந்தக் குளவிகளுக்கு பெரிய பங்கு இருக்கு.

பூச்சிமருந்து அடிக்கிற வழக்கம் இருந்தா இது எதுவும் நடக்காது, இதுக்கு மேல சுத்தி வளைச்சு சொல்லத் தெரியல. அசுவினி (இளந்தண்டுல கூட்டமா ஒட்டிக்கிட்டு சாறு உறிஞ்சற குட்டிப் பூச்சி) வந்திருக்கிற கிளையை அப்படியே விட்டுப் பாருங்க, ரெண்டு மூணு நாள்ல பொறிவண்டு வரும், அதோட புழு வரும் (முதலைக் குட்டி மாதிரி இருக்கும், பொறிவண்டுன்னே சொல்ல மாட்டீங்க), நூல் மாதிரி காம்பு மேல நிக்கிற முட்டைகள் தெரிஞ்சா அது கண்ணாடி இறக்கைப் பூச்சியோடது, அசுவினி சுரக்கிற இனிப்புத் தண்ணிக்கு எறும்பு வரும். ஒரே கிளையில ஒரு மாசத்துக்கு எடுக்கலாம்.

தட்டான் சிலது ஒரே குச்சி நுனிக்கு திரும்பத் திரும்ப வரும், இரை பிடிச்சுட்டு அங்கயேதான் வந்து உக்காந்து தின்னும், அதனால அது பறந்த அப்புறம் காலியா இருக்கிற குச்சி நுனிக்கு ஃபோகஸ் பண்ணி வெச்சுட்டு காத்திருங்க. உச்சி வெயில்ல வாலைத் தூக்கி சூரியனைப் பாத்து நிமித்தி நிக்கறது உடம்புல வெயில் கம்மியா படறதுக்காக. தேனீ மாதிரி கோடு போட்டுக்கிட்டு அந்தரத்துல நிக்கிற ஈ ஒண்ணு இருக்கே, ஹோவர் ஃப்ளை, அதுவும் அப்படித்தான், விலகிப் போயிட்டு அதே இடத்துல வந்து நிக்கும், பறக்கறதை எடுத்துப் பழக அதைவிட நல்ல ஆள் கிடையாது. தேனீக்கு இறக்கை நாலு, ஈக்கு ரெண்டு, படத்தைப் பெருசாக்கிப் பாத்தா தெரிஞ்சுக்கலாம். கும்பிடுபூச்சி கண்ணுல ஒரு கருப்புப் புள்ளி எந்தப் பக்கம் போனாலும் நம்மையே பாக்கற மாதிரி இருக்கும், அது நிஜமான கண்மணி இல்ல, நம்ம பக்கம் நேரா இருக்கிற கண்ணறைகள் அந்தப் பக்கம் வர்ற வெளிச்சத்தை உறிஞ்சிடறதால கருப்பா தெரியுது.

அந்துப்பூச்சிக்கு ராத்திரி ஒரு வெள்ளை வேட்டியோ போர்வையோ கட்டி முன்னாடி ஒரு லைட் போட்டா போதும், புற ஊதா எல்இடி இருந்தா இன்னும் நிறைய வரும், அதை நேரா உத்துப் பாக்காதீங்க. நிலா இல்லாத, காத்து இல்லாத, புழுக்கமான ராத்திரியா பாத்து போடுங்க, நிலா வெளிச்சத்துல பாதி கூட வராது. ஏன் விளக்குக்கு வருதுன்னு ரொம்ப நாளா பல விளக்கம் சொல்லிட்டிருந்தாங்க, 2024ல வந்த ஒரு ஆய்வுல அதிவேக கேமரா வெச்சு எடுத்துப் பாத்ததுல, பூச்சி பறக்கும்போது வெளிச்சம் இருக்கிற பக்கமா முதுகைத் திருப்புதுன்னு தெரிஞ்சுது. ராத்திரியில வானம்தான் தரையைவிட வெளிச்சம், அதனால முதுகை வெளிச்சத்துக்குக் காட்டினா நேரா பறக்கலாம், நடுவுல ஒரு விளக்கு வந்துட்டா அந்தக் கணக்கு கெட்டு அதையே சுத்தி மாட்டிக்குது. அதாவது அது ஆசைப்பட்டு வரல, சிக்கிக்குது. அதனால எனக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு, ரெண்டு மூணு மணி நேரத்துல லைட்டை அணைச்சுடுவேன், துணியை மெதுவா உதறி செடி மேல விட்டுடுவேன், விடிய விடிய வெச்சா காலையில பறவைங்க வந்து வரிசையா கொத்திடும், ரெண்டே நாள்ல அதுங்களுக்கு இடம் பழகிடும். லைட்டே வேண்டாம்னா நல்லா கனிஞ்ச வாழைப்பழத்தை வெல்லத்தோட பிசைஞ்சு ஒரு நாள் புளிக்க விட்டு மரத்துல தடவி வைங்க, லைட்டுக்கு வராத இனங்கள் கூட இதுக்கு வரும்.

உக்காந்திருக்கிற அந்துப்பூச்சி இறக்கையை விர்ருனு நடுக்க ஆரம்பிச்சா அது தசையை சூடேத்துது, இன்னும் கொஞ்ச நேரத்துல கிளம்பப் போகுது, எடுக்கறதை உடனே எடுத்துடுங்க. ராத்திரி வர்றது எல்லாம் அந்துப்பூச்சின்னோ, பகல்ல வர்றது எல்லாம் பட்டாம்பூச்சின்னோ நினைக்காதீங்க, பகல்ல பறக்கிற அந்துப்பூச்சி ஏகப்பட்டது இருக்கு. உணர்கொம்பைப் பாருங்க, நுனியில குமிழ் மாதிரி தடிச்சிருந்தா பட்டாம்பூச்சி, நூல் மாதிரியோ இறகு மாதிரியோ இருந்தா பெரும்பாலும் அந்துப்பூச்சி. உலகத்துல பேர் வெச்ச பட்டாம்பூச்சி இனம் சுமார் 18,000, அந்துப்பூச்சி அதுக்கு எட்டு ஒம்பது மடங்கு, அப்ப ராத்திரி ஒரு வேட்டியில எவ்வளவு புதுசு வரும்னு யோசிச்சுப் பாருங்க. ரோமம் இருக்கிற கம்பளிப்புழுவை மட்டும் கையால தொடாதீங்க, சிலது பயங்கரமா அரிக்கும்.

இப்ப கலங்கலுக்கு. நீங்க ஃபோகஸ் விட்டுடுச்சுன்னு நினைக்கறீங்க, அது மட்டும் காரணம் இல்ல. பூச்சி நிஜ அளவுலயே சென்சார்ல விழற அளவுக்கு நெருங்கிட்டா, எஃப் 8ல (எஃப் எண் லென்ஸ் துளையோட அளவு, எண் ஏற ஏற துளை சின்னதாகும், தெளிவான ஆழம் கூடும்) கூட தெளிவா இருக்கிற ஆழம் சுமார் 1 மி.மீ.தான், நீங்க மூச்சு விட்டாலே அதைத் தாண்டிடும். அதனால எஃப் 22க்கு போயிடலாம்னு தோணும், போகாதீங்க, அவ்வளவு நெருக்கத்துல துளை சின்னதாக ஆக ஒளி சிதறி மொத்தப் படமும் மழுங்கிடும், எஃப் 8ல இருந்து எஃப் 11 வரைக்கும் போதும். ஆழத்தைக் கூட்டறதுக்கு பதிலா கோணத்தை மாத்துங்க: இறக்கை மூடியிருந்தா நேரா பக்கவாட்டுல, விரிச்சிருந்தா நேரா மேல இருந்து, கேமரா முகமும் இறக்கையும் ஒண்ணுக்கொண்ணு இணையா இருந்தா அந்த 1 மி.மீ.க்குள்ளயே முழு இறக்கையும் அடங்கிடும். முகத்துக்கு நேரா எடுத்தா கண்ணு மட்டும் தெளிவா இருந்தா போதும், கண்ணு விட்டுட்டு வால் தெளிவா இருக்கிற படத்தை நான் வெச்சுக்கறதே இல்ல. ரொம்பக் கிட்ட ஆட்டோ ஃபோகஸ் தேடிட்டே இருக்கும், அதை அணைச்சுட்டு உடம்பையே நூலளவு முன்னாடி பின்னாடி சாச்சு அஞ்சாறு படம் தொடர்ந்து எடுங்க, ஒண்ணு மாட்டும். முழங்கையை முட்டியில ஊணிக்கோங்க, ட்ரைபாட் தோட்டத்துல எனக்கு பெருசா உதவல, அதை நிறுத்தறதுக்குள்ள செடி ஆடி பூச்சி போயிடுது.

வெளிச்சம் பத்தலைன்னா ஃப்ளாஷ் தான், அதை நேரா அடிக்காதீங்க, வண்டு முதுகுல வெள்ளை வெள்ளையா திட்டு விழும். ஃப்ளாஷுக்கு முன்னாடி வெள்ளை பட்டர் பேப்பரோ மெல்லிய தெர்மாகோலோ பூச்சிக்கு எவ்வளவு கிட்ட வெக்க முடியுமோ அவ்வளவு கிட்ட வைங்க, பூச்சி அளவுக்கு அது பெரிய ஜன்னல் வெளிச்சம் மாதிரி ஆகிடும். கம்மி பவர்ல ஃப்ளாஷ் பத்தாயிரத்துல ஒரு பங்கு செகண்ட் அளவுக்குத்தான் மின்னும், அதுலயே கை நடுக்கமும் நின்னுடும். ஃப்ளாஷ் இல்லாம பறக்கறதை எடுக்கணும்னா ஷட்டர் 1/2000க்கு மேல வேணும், அதுக்காக ஐஎஸ்ஓ (கேமரா வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டற அளவு) ஏறினா ஏறட்டும், புள்ளி விழுந்த படத்தைத் தேத்தலாம், கலங்கினதை ஒண்ணும் பண்ண முடியாது.

போன்ல எடுக்கும்போது மேக்ரோன்னு போட்டதும் நிறைய போன் அகலக் கோண லென்ஸுக்கு மாறிடும், அது ரெண்டு மூணு செ.மீ. கிட்ட போகணும், போன் நிழலே பூச்சி மேல விழும். மேக்ரோவை அணைச்சுட்டு ஒரு அடி ரெண்டு அடி தூரத்துல இருந்து 2 மடங்கோ 3 மடங்கோ ஜூம் வெச்சு எடுத்துட்டு அப்புறம் வெட்டிக்கோங்க, பட்டாம்பூச்சிக்கு இது அருமையா வரும். கூட்டுப்புழு, முட்டை, தூங்கற தேனீ மாதிரி அசையாததுக்கு மட்டும் மேக்ரோ.

ஒரே படத்தோட நிறுத்தாதீங்க. என்ன இனம்னு கண்டுபிடிக்க பட்டாம்பூச்சிக்கு மேல் பக்கம், அடிப்பக்கம் ரெண்டும் வேணும், நீலன்னு சொல்ற நிறைய குட்டிப் பட்டாம்பூச்சிகளை அடிப்பக்கக் கோடு வெச்சுத்தான் பிரிக்க முடியும், தட்டானுக்கு நெஞ்சோட பக்கவாட்டும் வால் நுனியும், புழுவுக்கு அது தின்கிற செடியோட இலை. உயிரினப் படங்களை ஏத்தி இனம் கேக்கற ஐநேச்சுரலிஸ்ட் தளத்துல தேதியோட ஏத்தினா தெரிஞ்சவங்க பாத்து சொல்வாங்க, வீட்டு இடம் வெளிய தெரிய வேண்டாம்னா மறைச்சு வெக்கிற வசதி இருக்கு. அசையாம இருக்கறதுக்காக ஃப்ரிட்ஜ்ல வெச்சு எடுக்கற பழக்கம் சிலருக்கு இருக்கு, தயவுசெஞ்சு அதைக் கத்துக்காதீங்க, விடியற்காலையில போனா இயற்கையே அதை அசையாம வெச்சுக் குடுக்குது.

சரி, லென்ஸ். இப்ப வாங்காதீங்க. உங்க கிட்ட இருக்கிற லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவுல மாட்டற எக்ஸ்டென்ஷன் ட்யூப் வாங்கி, ஜூமை கடைசி வரைக்கும் (18-55 லென்ஸ்னா 55ல) வெச்சு ஒரு சீசன் எடுத்துப் பாருங்க, அதுல கண்ணாடியே கிடையாது, வெறும் இடைவெளிதான், அதனால விலையும் கம்மி. 200 மி.மீ. வரைக்கும் போற ஜூம் லென்ஸ் இருந்தா ரேநாக்ஸ் டிசிஆர்-250னு முன்னாடி கிளிப் மாதிரி மாட்டற லென்ஸ் ஒண்ணு இருக்கு, பவர் 8 டயாப்டர், அதைப் போட்டா நிஜ அளவைவிட ஒன்றரை மடங்குக்கு மேல வரும், பூச்சிக்கும் லென்ஸுக்கும் சுமார் 12 செ.மீ. இடைவெளியும் கிடைக்கும். குட்டி வண்டு, எறும்பு, குதிக்கிற சிலந்திக்கு எனக்கு இன்னமும் அதுதான். நேரா மேக்ரோ லென்ஸ்தான் வேணும்னா 90ல இருந்து 105 மி.மீ.க்குள்ள எந்த கம்பெனியா இருந்தாலும் சரி, 50, 60 மி.மீ. மேக்ரோ வேண்டாம், அது பூச்சி மூக்கு மேல போய் நிக்கணும், நீங்க முதல்ல சொன்ன பறந்து போற பிரச்சனை அப்படியே திரும்ப வரும்.